தும்புத்தூள் பையில் கறுப்பு ஈ, உள்ளே அழுகும் வேர்

கேள்வி இது: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடிப் பல்கனி. 10 லீற்றர் கொள்ளும் பன்னிரண்டு பைகள், முழுக்கத் தும்புத்தூள், அதில் கறிமிளகாயும் தக்காளியும். இரண்டு கிழமையாகச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள். தண்ணீர் ஊற்றினால் குபீரென்று எழும்புகின்றன. நாலு செடி காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுப் பின்னேரம் நிமிர்கின்றன. தூள் ஈரமாகத்தான் இருக்கிறது. ஈயைக் கொல்ல என்ன மருந்து ஊற்றுவது?

இன்றைக்கு எதையும் ஊற்றாதீர்கள். ஈரத்தில் நிற்கும் செடி வாடுகிறதென்றால் அதன் வேரால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. அந்தப் பைக்குள் மருந்து கலந்த ஒரு லீற்றர் போனாலும் அதுவும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் வேரும் மூச்சுத் திணறும். ஈக்கும் வேரழுகலுக்கும் மூலம் ஒரே ஈரம். அதைத் திருத்தாமல் ஈயை மட்டும் துரத்தினால் மூன்று கிழமையில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும்.

முதலில் ஈ எது என்று பாருங்கள். முதற் சந்தேகம் பங்கசு ஈமேல். அது 2 முதல் 4 மில்லிமீற்றர் வரும். மெலிந்த உடல், நீண்ட கால், நுளம்பின் சாயல். இறக்கையில் ஆங்கில 'வை' எழுத்துப்போலக் கிளைக்கும் ஒரு நரம்பு இருக்கும். பறப்பதைவிடத் தூளின்மேல் ஓடித்திரிவதே அதிகம். உடல் தடித்து, உணர்கொம்பு குட்டையாக, புகைநிற இறக்கையில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் அது பாசி தின்னும் வேறொரு ஈ. அது வேரைக் கடிக்காது. மேற்பரப்பில் பச்சைப் பாசி படியும் அளவுக்கு ஈரம் நிற்கிறதென்று மட்டும் சொல்கிறது. சிவந்த கண்ணோடு வாழைப்பழத்தைச் சுற்றுவது பழ ஈ. கிண்ணத்தில் வினாகிரி வைத்துப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பிடிப்பது இதைத்தான். பங்கசு ஈக்கு வினாகிரியில் பெரிய நாட்டமில்லை.

தொல்லை தருவது பறக்கும் ஈயைவிட அதன் புழுப் பருவமான குடம்பி. அதைப் பார்க்க உருளைக்கிழங்கு போதும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வில்லை வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்கத் தூளில் லேசாக அழுத்தி வையுங்கள். 48 மணித்தியாலம் கழித்துப் புரட்டினால் அடிப்பக்கத்தில் கண்ணாடி நூல்போன்ற புழுக்கள் தெரியும்: உடல் ஊடுதெரியும், உள்ளே குடல் கறுப்புக் கோடாக ஓடும், தலை மட்டும் குண்டூசி முனைபோல மினுங்கும் கறுப்பு. முற்றிய குடம்பி 5, 6 மில்லிமீற்றர் வரும். நத்தை போன தடம்போல மேற்பரப்பில் மெல்லிய பளபளப்பு இருந்தால் எண்ணிக்கை நன்றாகவே ஏறிவிட்டது. பன்னிரண்டு பையிலும் வில்லை வையுங்கள். ஈ எல்லா இடமும் பறக்கும், குடம்பி எந்தப் பையில் மொய்க்கிறதோ அதுதான் ஊற்று. பெரும்பாலும் வாடுகிற அந்த நாலு பையாகத்தான் இருக்கும். வில்லையைப் புழுவோடு எடுத்துப் பொலித்தீனில் கட்டி எறிந்துவிடலாம்.

ஒரு பெண் ஈ 100 முதல் 200 முட்டை இடும். முட்டை பொரிக்க மூன்று நாலு நாள், குடம்பியாக ஏறத்தாழ இரண்டு கிழமை, கூட்டுப்புழுவாக இன்னும் மூன்று நாலு நாள், ஈயாக ஒரு கிழமை பத்து நாள். கொழும்பின் சூட்டில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ மூன்று கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தும் முட்டையையும் கூட்டுப்புழுவையும் பெரிதாகத் தொடுவதில்லை. ஒருமுறை ஊற்றிவிட்டு 'கேட்கவில்லை' என்று கைவிடுபவர்கள் இந்தக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள்.

குடம்பியின் முதல் உணவு பங்கசும் பாசியும் மக்கும் பொருளும். அது பற்றாதபோது வேர் மயிரையும் இளவேரையும் கடிக்கும். வளர்ந்த செடி அந்தக் கடியைத் தாங்கும், நாற்று தாங்காது. ஆனால் கடித்த காயம் வேரை அழுகவைக்கும் பித்தியம், செடியை வாடவைக்கும் பியூசேரியம் போன்ற நோய்க்கிருமிகளுக்குத் திறந்த வாசல். பித்தியத்தின் தடித்த சுவர் வித்திகள் குடம்பியின் குடலுக்குள் போய் உயிரோடே வெளியே வரும்; ஈயின் உடலிலும் வித்திகள் ஒட்டிக்கொண்டு அடுத்த பைக்குப் போகும். நோயுள்ள ஒரு பையைப் பல்கனியில் வைத்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்ற முடியாததற்கு இதுதான் காரணம்.

தும்புத்தூளில் ஏன் இப்படி ஆகிறது? நல்ல தும்பு ஊடகம் தண்ணீரையும் காற்றையும் சேர்த்தே பிடிக்கும். ஆனால் கொஹுபத் என்று கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி மாவுபோன்ற தூள். நனைந்து சில மாதம் போனால் அது இறுகிக் காற்றிடைவெளி அடைபட்டுவிடும். எந்தச் சாடியிலும் அடியில் சில சென்ரிமீற்றர் உயரத்துக்கு வடியாத நீர்ப்படை ஒன்று நிற்கும். தூள் எவ்வளவு நுண்மையோ அந்தப் படை அவ்வளவு உயரம். அடியில் கல் போட்டால் வடியும் என்று பலரும் போடுகிறார்கள். கல்லுக்கு மேலே அதே படை அப்படியே நிற்கும், வேருக்கு இடம் குறைந்ததுதான் மிச்சம். கல்லை எடுத்துவிடுங்கள். அகலத்தைவிட உயரம் கூடிய பை நல்லது.

அதோடு நம் சூடு. 20 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரைந்திருக்கும். 30 பாகையில் அது 7.5 ஆகக் குறையும். வேரின் சுவாசமோ சூட்டோடு கூடும். தேவை ஏறும்போது வரவு இறங்குகிறது. வெப்ப நாடுகளில் வேரைத் தாக்கும் பித்தியம் அபானிடெர்மாட்டம் 30 பாகைக்கு மேல்தான் உசாராக வளரும். கடல்பக்கம் பார்த்த பல்கனியில் பின்னேர வெயில் கறுப்புப் பையில் நேரே அடித்தால் உள்ளே 40 பாகையைத் தாண்டுவது எளிது. பைகளின் மேற்குப் பக்கம் வெள்ளைச் சாக்கோ பழைய வெள்ளைத் துணியோ சுற்றுவது, காசில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல வேலை.

தும்பு கண்ணையும் ஏமாற்றும். மேலே வெளிறிய மண்ணிறமாகக் காய்ந்து கிடக்கும், நாலு விரல் கீழே பிழிந்தால் சொட்டும். மேலே காய்ந்ததைப் பார்த்துத் தினமும் ஊற்றுவதுதான் பெரும்பாலான பல்கனிகளில் நடக்கும் தவறு. எடையைப் பாருங்கள். பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று போதும். 10 லீற்றர் பை நன்றாக நனைந்து வடிந்தபின் 6, 7 கிலோ இருக்கும். அந்த எடையைப் பையிலேயே எழுதிவையுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்தபின்தான் அடுத்த தண்ணீர். ஈ நிற்கும் காலத்தில் மேல் 3, 4 சென்ரிமீற்றர் கையில் தூளாக உதிரும் வரை விடலாம். அதற்காக அடிவரை காயவிடாதீர்கள். தும்பு முழுக்கக் காய்ந்தால் உள்ளேயுள்ள உப்பு செறிந்து வேர் நுனியைக் கருக்கும், அந்தக் கருகலும் பித்தியத்துக்கு வாசல்தான்.

தும்பில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை நீர் விடவேண்டும் என்று மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக் காணொளிகளில் சொல்வது பொய்யில்லை. அது நார்த்துண்டு கலந்த பருமனான ஊடகம், வேர் நிறைந்த பெரிய செடி, சொட்டுக்குழாய், கூடாரம் என்ற ஏற்பாட்டுக்கு. மாவுத்தூள் நிரப்பிய பெரிய பையில் ஐந்து இலை நாற்றுக்கு அதைச் செய்தால் நாற்று மூழ்கும். நாற்றைச் சிறு கோப்பையில் வேர் நிறைய வளர்த்துப் பிறகு பைக்கு மாற்றுங்கள்.

பையின் பக்கச்சுவரில், அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்தில் ஆறேழு துளை போடுங்கள். இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் ஊற்றி அரை மணித்தியாலத்தில் வெறுமையாக்குங்கள்; டெங்கு நுளம்பும் அதே தட்டில்தான் முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அதையே. இன்னொன்று: அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, வாழைப்பழத்தோல் ஊறிய நீர், மீன் கரைசல் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு நிறுத்துங்கள். இவை செடிக்குப் போகுமுன் பங்கசுக்கு விருந்து, பங்கசு குடம்பிக்கு விருந்து. தும்பில் வளர்ப்பவருக்கு அளவான கரையும் பசளையே போதும். அல்பேர்ட் கலவை என்ற கரையும் பசளை வைத்திருந்தால் பொதியில் சொன்ன அளவில் பாதியை மட்டும், அதுவும் வாடாத செடிகளுக்கு.

இனி ஈயின் பக்கம் வருவோம். மஞ்சள் ஒட்டு அட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், தூளுக்கு 2, 3 சென்ரிமீற்றர் மேலே படுக்கையாக வையுங்கள். இது உயரப் பறக்கும் பூச்சியில்லை. அட்டை கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பு உறையை வெட்டி வாஸ்லீன் மெல்லியதாகப் பூசலாம். ஒவ்வொரு ஞாயிறும் எண்ணி எழுதுங்கள். அட்டை முழுக்க ஈயைப் பிடித்து முடிக்காது, ஆனால் உங்கள் வைத்தியம் வேலை செய்கிறதா என்று சொல்லும் ஒரே சாட்சி அது.

குடம்பிக்குச் சிறந்தது பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.ரி.ஐ. 1976 இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்த பற்றீரியா. நுளம்புக் குடம்பிக்குப் பயன்படுத்துவதும் இதுவே. குடம்பி அதைத் தின்றால்தான் சாகும், இளங்குடம்பி விரைவில் சாகும். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: மயிர்க்கொட்டிக்கும் காய்ப்புழுவுக்கும் விற்கும் பி.ரி. பெரும்பாலும் குர்ஸ்டாக்கி என்ற வேறு வகை. அது ஈக் குடம்பியை ஒன்றும் செய்யாது. பொதியில் 'இஸ்ரேலென்சிஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். தூளாகவோ திரவமாகவோ வந்தால் பொதியின் அளவு. குளத்தில் போடும் வட்டக் கட்டியாக வந்தால் கால் துண்டை நொறுக்கி 4 லீற்றரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்த நீர்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் நுணுக்கம். குடம்பி வாழ்வது மேல் 5 சென்ரிமீற்றருக்குள். ஒரு பைக்கு 200 மில்லிலீற்றரைப் பூவாளியால் மேற்பரப்பு முழுதும் தூவினால் போதும், அடிவரை போகத் தேவையில்லை. வெயில் தாழ்ந்தபின் செய்யுங்கள், சூரிய ஒளி அதைச் சிதைக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்து முறை. நாலாம் முறைக்குள் அட்டை வெறிச்சோடிவிடும். அப்போதும் ஐந்தாவதை விடாதீர்கள். கடைசியாக வந்த ஈக்களின் முட்டை அதற்குள்தான் பொரித்திருக்கும்.

பி.ரி.ஐ. கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் 1 மில்லிலீற்றரை முதலில் கலந்து, பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றரை விட்டுப் பால்போல வரும்வரை குலுக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை அதே 200 மில்லிலீற்றர் மேற்பரப்புக்கு. நாற்றின் தண்டில் படவேண்டாம். இது உடனே கொல்வதில்லை, குடம்பி தோல் கழற்றி வளர்வதைக் குழப்புகிறது. பத்து நாள் பொறுக்கவேண்டும்.

ஐதரசன் பெரொட்சைட்டு பற்றிப் பலர் சொல்வார்கள். 3 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நாலு பங்கு நீர் கலந்தால் பட்ட குடம்பி சாகும். போத்தலில் 6 சதவீதம் அல்லது 20 வொலியூம் என்று இருந்தால் ஒன்றுக்கு ஒன்பது. ஆனால் தும்பில் பட்டு நுரைத்துச் சில நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். நல்ல பங்கசையும் சேர்த்தே அது அழிக்கும். எண்ணிக்கை மிகக் கூடிய பையில் முதல் நாள் ஒருமுறை மட்டும் என்றால் சரி. வேரழுகலுக்கு அதை மருந்தாக நம்பவேண்டாம். வெளிநாட்டில் பெரிதாகப் பேசும் ஸ்டைனெர்னீமா பெல்டியே என்ற நூற்புழு 15 முதல் 25 பாகைக்குள் நன்றாக உழைக்கும்; நுவரெலியாவுக்குப் பொருந்தும், கொழும்புப் பல்கனிக்கு இல்லை. மேலே மணல் போடுவதென்றால் கழுவிய பருமணல் ஒரு சென்ரிமீற்றர், அதுவும் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சவிடுபவர்களுக்கு மட்டும். மேலேயே ஊற்றினால் மணலும் நனைந்தே கிடக்கும், பயனில்லை. கடல்மணல் கூடவே கூடாது.

அடுத்து வாடும் நாலு செடி. ஒன்றைப் பையிலிருந்து மெதுவாகக் கழற்றி வேரைப் பாருங்கள். நிறத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்: தும்பின் சாயம் ஏறி நல்ல வேரும் தேநீர் நிறமாகத்தான் இருக்கும். ஒரு வேரை இரு விரலால் பிடித்து நுனிப்பக்கம் இழுங்கள். நல்ல வேர் விறைப்பாக நிற்கும், ஒடித்தால் உள்ளே வெள்ளை. பித்தியம் பிடித்த வேரில் மேல்தோல் ஈரக் காலுறைபோல வழுக்கிக்கொண்டு கையோடு வரும், நடுவில் மெல்லிய நார் மட்டும் எலிவால்போல மிஞ்சும். சேற்று நாற்றமும் இருக்கும்.

வேர் விறைப்பாக இருந்தும் செடி வாடுகிறதென்றால் வேறு இடத்தில் பாருங்கள். அடித்தண்டில் தூள் மட்டத்தோடு செம்மண்ணிறக் காய்ந்த வடு இருந்தால் ரைசொக்டோனியா என்ற பங்கசு. வெள்ளை நூலும் கடுகு போன்ற மண்ணிற மணிகளும் இருந்தால் ஸ்கிளெரோஷியம் என்ற இன்னொரு பங்கசு. இலை மஞ்சளாகி ஒரு பக்கமாக வாடி, தண்டை நீளமாகக் கீறினால் உள்ளே மண்ணிறக் கோடு ஓடினால் பியூசேரியம். பச்சையாக இருக்கும்போதே தக்காளி சட்டென்று வாடினால் அடித்தண்டில் ஒரு சாண் துண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் நுனி மட்டும் தொட நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல்போல வெண்மை இறங்கினால் அது ரால்ஸ்டோனியா, பற்றீரியா வாடல். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் பொது எதிரி, மருந்தில்லை. செடியையும் தூளையும் அப்படியே கட்டி அகற்றுங்கள்.

பித்தியம் என்று தெரிந்து, பாதிக்குமேல் வேர் நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதை வெட்டி, ஓடும் நீரில் கழுவி, முன்னையதைவிடச் சிறிய சாடியில் புதுக் கலவையில் நடுங்கள். காய், பூ எல்லாவற்றையும் கிள்ளி இலையில் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். ஐந்து நாள் நிழல், பசளை வேண்டாம். நட்ட அன்றே, நோய்ப் பங்கசை எதிர்க்கும் நல்ல பங்கசான ட்ரைக்கொடர்மா தூளைப் பொதியின் அளவில் கரைத்து விடுங்கள். குழாய்நீரில் குளோரீன் இருப்பதால் ஓர் இரவு திறந்த வாளியில் வைத்த நீரே நல்லது. ட்ரைக்கொடர்மா காவலாளி மாதிரி. நோய் வருமுன் வேரைச் சுற்றிக் குடியேறினால் உதவும், அழுகிய வேரை மீட்காது. பெரொட்சைட்டு விட்டிருந்தால் மூன்று நாள் இடைவெளி வேண்டும். வேரில் பாதிக்குமேல் போயிருந்தால் புது நாற்று வைப்பது சிக்கனம்.

இரசாயனம் பாவிக்க நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தியம் உண்மையான பங்கசு இல்லை, நீர்ப்பூஞ்சணம். பங்கசுக்கு விடும் கார்பென்டசிம் அதைத் தொடாது. மெற்றலக்சில், புரொப்பமோகார்ப் போன்றவைதான் வேலை செய்யும். மெற்றலக்சிலைத் திரும்பத் திரும்ப விட்டால் நோய் பழகிவிடும். ஒரு பருவத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள், அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று பொதியில் உள்ளதைக் கடைப்பிடியுங்கள். எது பதிவில் உள்ளது என்ற சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

புதுக் கலவையை இப்படித் தயாரியுங்கள். 5 கிலோ தும்புத்தூள் கட்டி ஒன்று நனைந்தால் 70 லீற்றர் அளவு வரும். முதலில் கொதிநீரில் ஊதவிட்டு மூடி வையுங்கள். தூளின் நடுவில் 60 பாகை அரை மணித்தியாலம் நின்றால் குடம்பியும் பித்தியமும் சாகும். ஆறியபின் வடியும் நீர் தேநீர் நிறம் மாறி வெளிறும்வரை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு வடியுங்கள். தும்பு பிடித்து வைத்திருக்கும் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கல்சியம் தள்ளி வெளியேற்றும். கொழும்புக் குழாய்நீர் மென்னீர் என்பதால் கல்சியம் அதிலிருந்து பெரிதாகக் கிடைக்காது. இந்தப் படியைத் தவிர்த்த பைகளில் தக்காளிக் காயின் அடி கறுக்கலாம். இதில் நாலு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தும்பு நார்த்துண்டு, ஒரு பங்கு உமிக்கரி கலந்தால் மழைக்காலத்திலும் காற்று நிற்கும். பாவித்த மிச்சத்தைத் திறந்த சாக்கில் ஈரமாக வைக்காதீர்கள், ஈ முதலில் முட்டையிடுவது அங்கேதான். காயவிட்டு வாய் கட்டி வையுங்கள்.

பழைய பைகளைத் தேய்த்துக் கழுவி, வீட்டுப் பிளீச் ஒன்றுக்கு ஒன்பது நீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு அலசுங்கள். அதோடு வினாகிரி எதுவும் சேர்க்கவேண்டாம், நச்சு வாயு வரும். நோய் வந்த தூளை எந்தக் காய்கறிக்கும் திரும்பப் போடாதீர்கள். இனி நாற்றுமேடையிலிருந்து வாங்கும் எந்தச் செடியையும் இரண்டு கிழமை பல்கனியின் மறு மூலையில் ஒரு மஞ்சள் அட்டையோடு தனியே வையுங்கள். அட்டையில் ஒரு கறுப்பு ஈ ஒட்டினாலும், மற்றப் பைகளோடு சேர்க்குமுன் உருளைக்கிழங்கு வில்லை ஒன்று வைத்துப் பாருங்கள்.